எண்ணெய், மெழுகு, பிரஷ்: தோல் பொருட்களோடு பல வருட அனுபவம்

என் பராமரிப்புப் பெட்டியில் அதிகம் உழைத்தது குதிரைமுடி பிரஷ். மிகக் குறைவாகத் தேவைப்பட்டது எண்ணெய். ஆரம்பத்தில் இது நேர்மாறாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தோல் பராமரிப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளிலிருந்து வருவது. அங்கே ஹீட்டர் ஓடும் அறையில் தோல் காய்ந்து வெடிக்கும், அதனால் அடிக்கடி எண்ணெய், கண்டிஷனர் என்கிறார்கள். நான் இருப்பது சென்னையில். இங்கே தோல் காய்ந்து வெடித்ததைவிட ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் பூஞ்சை பிடித்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எதையெல்லாம் வைத்து இதைச் சொல்கிறேன் என்றால்: மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் செய்த ஒரு தோள்பை, அதே வகைத் தோலில் அகலமான பெல்ட், கோலாப்பூரிச் செருப்பு, ஆம்பூர்ப் பக்கம் வாங்கிய கறுப்பு ஆபீஸ் ஷூ, வீட்டில் கிடந்த பழைய தோல் அட்டைப் புத்தகம் ஒன்று. எல்லாமே தினசரிப் புழக்கத்தில் இருந்தவை, புத்தகத்தைத் தவிர.

எந்த டப்பாவைத் திறப்பதற்கும் முன்னால், கையில் இருப்பது எந்தத் தோல் என்று தெரிய வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத்தோலா, குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோலா? பெல்ட்டின் ஓரம், பையின் உள்பக்க விளிம்பு, இப்படி வெட்டுத் தெரியும் இடத்தைப் பாருங்கள். உள்ளே வரைக்கும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத்தோல். நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் குரோம். வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ‘வெட் ப்ளூ’ என்று சொல்கிறார்களே, அந்த நீலம்தான். சாயம் உள்வரை ஏறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். பட்டைத்தோல் சட்டென்று குடித்துக் கருக்கும். மேற்பூச்சு அடித்த குரோம் தோலில் சொட்டு அப்படியே உருண்டு நிற்கும்.

எண்ணெய் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் இதில்தான் இருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் செய்த பட்டைத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பழைய முறையில் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊற வைத்துப் பதனிடுவார்கள். சில இடங்களில் கொன்றைப்பட்டை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முறை போட்டு எடுப்பார்கள். பிறகு புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக் காய வைப்பார்கள். பின்னாளில் ஆவாரையின் இடத்தை வாட்டில் என்ற மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண்ணெயைத் தோல் ஈரமாக இருக்கும்போதே தடவுவார்கள் என்பது. தண்ணீர் மெல்ல வெளியேற, எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்து நாருக்குள் இறங்கும். நாம் வீட்டில் காய்ந்து கிடக்கும் பையின் மேல் எண்ணெயை ஊற்றித் தேய்த்தால், பாதி மேலேயே நின்று தூசியை இழுக்கும். அதனால் பட்டைத்தோல் பைக்கு நான் செய்வது இதுதான்: பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் முழுவதும் ஒரே சீராகத் துடைப்பேன். ஈரம் பாதி காய்ந்த நிலையில், துணியில் தொட்ட சில சொட்டு விளக்கெண்ணெய். அவ்வளவே. ஒரு இரவு நிழலில் கிடந்தால் போதும். வருடத்துக்கு ஒரு தரம், பங்குனி சித்திரையில் காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும்போது இதைச் செய்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் எண்ணெய் தடவுவதை விட்டே விட்டேன். ஈரக்காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

எந்த எண்ணெய் என்று பலரும் கேட்பார்கள். ஒரு பழைய பெல்ட்டைத் துண்டுகளாக வெட்டி, வீட்டில் இருக்கும் எண்ணெய் ஒவ்வொன்றையும் தடவி, மாதக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்துப் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேகமாக இறங்கியது, தோல் உடனே மென்மையானது. ஆனால் அளவுக்கு மீறி மென்மையாகி, பெல்ட் துண்டு துணி போலத் தொய்ந்தது. நாளாக ஆக சிக்கு வாடையும் வந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள். சென்னையில் தெரியாது. அதே பையை ஊட்டிக்கு எடுத்துப் போனால் மேலே வெள்ளைப் படலம் தெரிய வாய்ப்பு உண்டு. நல்லெண்ணெய் பாதி உலரும் வகை, நாள்பட்டதும் பிசுபிசுப்பு வந்துவிட்டது. ஆளிவிதை எண்ணெய் பக்கமே போகாதீர்கள். அது காற்றில் உலர்ந்து கெட்டிப் படலமாகும் எண்ணெய். அந்தக் காலத்தில் பளபளக்கும் பேட்டன்ட் லெதருக்கு மேற்பூச்சாகவே ஆளி எண்ணெய் வார்னிஷ்தான் பூசினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் உலராது, கெட்டியானது, மெதுவாகத்தான் இறங்கும். குறைவாகத் தொட்டால் இவற்றில் அதுவே நன்றாக நின்றது. தோல் தொழிற்சாலைகளிலும் விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தோடு வினைப்படுத்தி, தண்ணீரில் கலக்கும்படி மாற்றிப் பயன்படுத்துவது உண்டு. என்னதான் இருந்தாலும் எந்த எண்ணெயும் பட்டைத்தோலைக் கருக்கத்தான் செய்யும். இளம் பழுப்பு நிறம் அப்படியே இருக்க வேண்டும் என்பவர்கள் எண்ணெயைத் தொடாமலே இருப்பது மேல்.

கோலாப்பூரிச் செருப்பும் பட்டைத்தோல் குடும்பம்தான். கருவேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலில் செய்வது அது. 2019-ல் மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் சேர்த்தே புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதில் காலைக் கடிக்கும் வார்களுக்கு உள்பக்கமாக விளக்கெண்ணெய் தடவி வைத்தால் இரண்டொரு வாரத்தில் பழகிவிடும். மழையில் போட்டுக்கொண்டு போனால் மட்டும் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. அடுக்கடுக்கான அடிப்பகுதி தண்ணீரைக் குடித்து உப்பிவிடும்.

குரோம் தோல் கதையே வேறு. நம்மூரில் அதன் தொடக்கம் விவசாயக் கிணற்றோடு சேர்ந்தது. 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடும் சோதனைகளை நடத்தியபோது, அவர் கண்ணில் இருந்தவற்றில் ஒன்று, மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் தோல் வாளியான சால். எந்நேரமும் தண்ணீரில் கிடந்து அழுகும் பட்டைத்தோலுக்கு மாற்றாக நீரைத் தாங்கும் தோல் தேவைப்பட்டது. குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். பட்டைத்தோல் அதற்கு வெகு முன்பே சுருண்டுவிடும். நனைந்த பட்டைத்தோல் செருப்பை மொட்டைமாடி வெயிலில் காய வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். குரோம் ஷூவும் உச்சிவெயிலில் காய்ந்தால் விறைக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஃபேன் காற்றில் விட்டு, தாள் நனைய நனைய மாற்றுங்கள்.

ஆபீஸ் ஷூவுக்கு வருகிறேன். டப்பா பாலிஷ் என்பது மெழுகு, அதைக் கரைக்க டர்பன்டைன் போன்ற ஒரு திரவம், சாயம். இந்தக் கூட்டணி நூறாண்டுக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. கிவி பாலிஷ் 1906-ல் மெல்போர்னில் வந்தது. வில்லியம் ராம்சே தன் மனைவியின் ஊரான நியூசிலாந்தை நினைத்து அந்தப் பறவையின் பெயரை வைத்தார். மேற்பரப்பில் இருக்கும் மேடுபள்ளத்தை மெழுகு நிரப்பிச் சமமாக்குவதால் பளபளப்பு வருகிறது. மெழுகுப் படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்தால் நடக்கும்போது மடியும் இடத்தில் வெடித்து, வெள்ளைக் கோடாகத் தெரியும்.

ரயில் நிலையத்துக்கு வெளியே உட்காரும் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் ஷூவைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு பாலிஷ் எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷின் ஒரு முனையில் மட்டும் தொட்டார். “இவ்வளவு போதுமாங்கய்யா?” என்றேன். “பாலிஷ் காசுக்கு வாங்குறது தம்பி, கை சும்மா வர்றது. கைதான் நெறைய போடணும்” என்றார். அன்றிலிருந்து எனக்கு டப்பா தீருவதே இல்லை. பூசியபின் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். திரவம் ஆவியான பிறகு பிரஷ். கடைசியில் பழைய பனியன் துணியால் ஒரு இழுப்பு. கறுப்புக்கு ஒரு பிரஷ், பழுப்புக்கு ஒன்று.

என்.சி.சி. பையன்களும் போலீஸ்காரர்களும் செய்யும் கண்ணாடிப் பளபளப்பு ஷூவின் முனைக்கும் குதிகால் பகுதிக்கும் மட்டும் சரி. விரலில் துணி சுற்றி, துளி பாலிஷ், துளி தண்ணீர், சின்னச் சின்ன வட்டங்கள். தண்ணீர் இருப்பதால் துணி முந்தைய மெழுகை இழுத்துக்கொண்டு வராது. அழகுதான், ஆனால் வேலை நாளில் யாருக்கு நேரம்? ஸ்பாஞ்ச் வைத்த திரவ பாலிஷ் அவசரத்துக்கு உதவும். அது தோலின் மேல் ஒரு படலத்தைக் காய விடுகிறது. தொடர்ந்து போட்டால் அந்தப் படலமே பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். பள்ளிப் பிள்ளைகளின் ஷூவில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பைக்கும் பெல்ட்டுக்கும் மெழுகை நானே காய்ச்சிக்கொள்கிறேன். தேன்மெழுகு காதிக் கடையில் கிடைக்கும், நாட்டு மருந்துக் கடையிலும் கேட்கலாம். ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு விளக்கெண்ணெய். அடுப்பில் நேராக வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும். இதில் டர்பன்டைன் சேர்க்கச் சொல்வார்கள். தீப்பிடிக்கும் சமாச்சாரம், சமையலறையில் வேண்டாம். சென்னை வெயிலுக்கு இந்தக் கலவை கொஞ்சம் இளகலாக இருப்பதாகப் பட்டால் மெழுகைக் கூட்டுங்கள். கடினமான பளபளப்புக்கு பிரேசில் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கர்னாபா மெழுகைச் சிறிது சேர்க்கலாம். அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதிகம் போட்டால் தேய்க்கவே வராது.

இந்த மெழுகு அதிகம் பயன்பட்டது பெல்ட்டின் ஓரத்தில். வெட்டு ஓரம் நார் நாராகப் பிரியத் தொடங்கினால் லேசாக ஈரப்படுத்தி, முரட்டுத் துணியால் சூடு பறக்கத் தேய்த்து, மெழுகு தடவி மறுபடி தேய்த்தால் நார்கள் படிந்து கெட்டியாகும். கடைகளில் ஓரத்துக்கு அடிக்கும் பெயின்ட் உரிந்துவிடும், இது உரியாது. சின்னக் கீறலுக்கு எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்ப்பேன். தொழிற்சாலையில் கண்ணாடி உருளையால் அழுத்தி மெருகேற்றுகிறார்களே, அதன் ஏழைப் பங்காளி.

வாழைப்பழத் தோல், பால், முட்டை வெள்ளைக்கரு என்று பாட்டி வைத்தியப் பட்டியல் ஒன்றும் உலவுகிறது. பாலிலுள்ள கேசின் என்ற புரதமும் முட்டையின் வெள்ளைக்கருவும் மெருகேற்றும் பூச்சுகளில் உண்மையிலேயே பயன்பட்டவைதான். தொழிற்சாலையில் அவற்றைப் பதப்படுத்தி, உருளையால் அழுத்தி இறுக்குகிறார்கள். வீட்டில் துணியால் பாலைத் தடவினால் இரண்டு நாள் மினுமினுப்பு, மூன்றாம் நாள் எறும்பு.

பூஞ்சை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தோலின் மேல் வெள்ளையாக எது தெரிந்தாலும் அது பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைந்தாலும் அப்படித்தான் தெரியும். ஹேர் டிரையரின் மிதமான சூட்டைக் காட்டுங்கள். கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை அசையாது. பூஞ்சை என்றால் பொருளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மூக்கைக் கட்டிக்கொண்டு துலக்க வேண்டும். தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைக்கலாம், மறைவான இடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை திரும்பி வரும். பாச்சை உருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு இல்லை. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது ஆகவே ஆகாது. பழைய தலையணை உறைக்குள் போட்டு, பீரோ கதவைத் தினமும் சற்று நேரம் திறந்து வைப்பதில் எனக்குப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. அதைவிட நல்லது பொருளை எடுத்துப் பயன்படுத்துவது. மழைக்காலத்தில் என் பை தினமும் வெளியே போய் வந்ததால் சுத்தமாக இருந்தது. விசேஷத்துக்கென்று பெட்டியில் வைத்த ஷூவில்தான் பூஞ்சை.

கடைசியாக அந்தப் புத்தகம். அட்டையைத் தொட்டால் செங்கல்பொடி போலக் கையில் ஒட்டும். பட்டைத்தோல் காற்றிலுள்ள கந்தக டையாக்சைடைப் பல பத்தாண்டுகள் உறிஞ்சி, அமிலமேறி நைந்துபோன நிலை அது. இதற்கு எண்ணெய் தடவச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரிலேயே லானோலின் என்ற ஆட்டுரோமக் கொழுப்பு, தேன்மெழுகு, தேவதாரு எண்ணெய் கலந்த ஒரு பூச்சு நூலகங்களில் புழங்கியது. இன்று பாதுகாப்பு வல்லுநர்கள் பழைய அட்டைகளுக்கு இப்படி வழக்கமாகக் கொழுப்பு பூசுவதைக் கைவிட்டுவிட்டார்கள். நைந்த நாரை எண்ணெய் ஒட்ட வைக்காது, கறையும் பிசுபிசுப்பும்தான் மிஞ்சும். நான் அமிலமில்லாத தாளில் உறை போட்டு, படுக்கை வாட்டில் வைத்திருக்கிறேன். தோலை இறுக்கும் ரசாயனம் பூச வேண்டுமென்றால் அது பயிற்சி பெற்றவர் கையால் நடக்கட்டும்.