எம்ஜிபி ஜிடியா, ஸ்பிட்ஃபயரா: தினமும் ஓட்ட எது?

இரண்டு குளிர்காலம் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 ஓட்டினேன், துணிக்கூரை போட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதை விற்றுவிட்டு, அதே காலத்து எம்ஜிபி காரின் இரும்புக் கூரை வடிவமான எம்ஜிபி ஜிடி வாங்கினேன், இது ஏழாவது வருஷம். இரண்டையுமே வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கென்று போர்த்தி வைக்கவில்லை. வேலைக்குப் போக, சாமான் வாங்க, மழையில் பிள்ளையைக் கூட்டி வர, எல்லாவற்றுக்கும் அதுதான் வண்டி. போன வாரம் பர்மிங்ஹாமில் இருக்கிற சித்தி மகன் போன் செய்து, "அண்ணா, ரெண்டுல எதை வாங்கலாம்?" என்று கேட்டான். அவனிடம் முக்கால் மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் கோர்வையாக எழுதுகிறேன். இங்கிலாந்தில் தினமும் ஓட்டுவதற்கு ஜிடிதான் என்பது என் முடிவு. அதற்குக் காரணம் வேகமோ அழகோ இல்லை, தண்ணீர்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். எம்ஜிபி ஆபிங்டனிலும் ஸ்பிட்ஃபயர் கவென்ட்ரியின் கான்லியிலும் உருவானவை. இரண்டும் 1962இல் வந்தன, 1980இல் நின்றன. அதனால் சட்டமும் இரண்டுக்கும் ஒன்றேதான். 40 வருஷம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்கிற வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமில்லை. வரலாற்று வண்டி என்ற வரிப் பிரிவில் பதிந்திருந்தால் புகை அதிகம் விடுகிற வண்டிகளுக்கு லண்டனில் வாங்குகிற யூலெஸ் கட்டணமும் இல்லை. பெட்ரோலில் மட்டும் கவனம் வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, என்றாகிவிட்டது, அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். நான் எத்தனால் குறைவான ஈ5 சூப்பர்தான் போடுகிறேன், குழாய்களையும் மாற்றிவிட்டேன். காப்பீடு எடுக்கும்போது வேலைக்கு ஓட்டிப் போவதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய வண்டிகளுக்கான மலிவான பாலிசிகள் பலவற்றில் மைல் வரம்பு உண்டு, வேலைக்கு ஓட்டுவதை அவை சேர்ப்பதில்லை.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? இந்த இடத்தில் ஸ்பிட்ஃபயருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் மிகெலாட்டி வரைந்த அந்த உருவத்தை இன்றைக்கும் வழியில் பார்த்தால் நின்று பார்ப்பேன். தரையை ஒட்டி உட்கார்ந்திருப்போம், 40 மைல் வேகத்திலேயே பறப்பது போல இருக்கும். வண்டி அத்தனை சின்ன வட்டத்தில் திரும்பும் என்பதால் குறுகலான தெருவில் பின்னுக்கு எடுக்கவே வேண்டியதில்லை. அப்புறம் அந்த பானட். முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். சாய்த்துவிட்டு முன் டயரில் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம், கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டியை நான் பார்த்ததில்லை. ஜிடியில் குனிந்து, கையை வளைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

மோட்டார்வேயில் நிலைமை மாறும். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் கனமானது, அவசரப்படாதது. ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர், இருந்தால் 70 மைல் வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 3,200 சுற்றில் போகும், இல்லாவிட்டால் 3,900ஐத் தொடும். தினமும் அரை மணி நேரம் மோட்டார்வேயில் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் காதிலும் தெரியும், இன்ஜினின் ஆயுளிலும் தெரியும். எந்த வண்டியை எடுத்தாலும் ஓவர்டிரைவ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் செலவு அதிகம்.

ஸ்பிட்ஃபயர் 1500 இன்ஜினுக்கு கிரான்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைக்கிற த்ரஸ்ட் வாஷர் ஒரு பலவீனமான இடம் என்பது ஊரறிந்த விஷயம். தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் பிளாக்கே வீணாகும். பார்க்கப் போகும்போது ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, கிரான்க் புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் வாங்காதீர்கள். என் வண்டியில் அது நகரவில்லை, இன்ஜினைத் திறக்கும் வேலையும் வரவில்லை. அதனால் இதை என் அனுபவமாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் முன் சக்கரத்து ட்ரன்னியன் என் அனுபவம். முன் சஸ்பென்ஷனின் அடியில் மரை போட்ட பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் இரும்புத் தண்டு அந்த மரைக்குள்தான் திரும்பும். அதற்குக் கிரீஸ் போடக்கூடாது, கியர் எண்ணெய்தான் போட வேண்டும். சின்ன பிளக்கைக் கழற்றி, நிப்பிளை முறுக்கி, எண்ணெய் துப்பாக்கியால் மெதுவாக அழுத்தினால் முதலில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறத்தில் வரும், பிறகு கறுப்பாக, கடைசியில் தேன் நிறத்தில். தேன் நிறம் வந்தால்தான் நிறுத்த வேண்டும். ஈரச் சாலையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு இதை மாதம் ஒருமுறை செய்தேன். செய்யாமல் விட்டால் உள்ளே தண்ணீர் தங்கி இரும்புத் தண்டு அரித்துப் போகும், ஒருநாள் திருப்பத்தில் உடைந்து சக்கரம் மடங்கும். எம்ஜிபியில் இதே இடத்தில் இருக்கிற கிங்பின்னுக்கும் கவனிப்பு வேண்டும்தான், ஆனால் அதற்குக் கிரீஸ் துப்பாக்கி போதும். நாள் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

இனி தண்ணீரைப் பற்றி. இந்த வண்டிகளில் இன்ஜின் போனால் இன்னொன்று கிடைக்கும். கியர் பாக்ஸ், பிரேக், கார்புரேட்டர், எல்லாவற்றுக்கும் பாகம் இருக்கிறது, பல புத்தம் புதிதாகவே. மின்சாரக் கோளாறு என்று ஊரே பயமுறுத்தும், ஆனால் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பச்சை பூத்த இணைப்புகளும் எர்த் பிடிக்காத இடங்களும்தான். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீர்ந்துவிடும். இவற்றால் ஒரு வண்டி சாவதில்லை. இங்கிலாந்துச் சாலையில் வண்டியைக் கொல்வது நவம்பர் முதல் மார்ச் வரை பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவுகிற உப்பும், அதைச் சுமந்து மேலே தெறிக்கிற தண்ணீரும்தான். துரு பிடித்தால் வெல்டிங். செலவிலும் நாளிலும் மற்ற எல்லா வேலையையும் சேர்த்தாலும் வெல்டிங்குக்கு ஈடாகாது.

கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடுகிற பகுதிதான் சில். எம்ஜிபிக்கு அடியில் தாங்குகிற தனிச் சட்டம், அதாவது சேசிஸ், இல்லை, வண்டியின் முதுகெலும்பே இந்த சில்தான். வெளித்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, உள்தகடு என்று அடுக்காக இருக்கும். வெளித்தகட்டின் இரு முனைகளும் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் அடியில் மறைந்திருப்பதால், முறையாக மாற்ற முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். இந்த வேலைக்குப் பயந்து பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை மூடி பெயின்ட் அடித்து விற்கிறார்கள்.

நான் முதலில் பார்க்கப் போன ஜிடி அப்படிப்பட்டது. கரும்பச்சை நிறம், கண்ணாடி போல மினுமினுப்பு. கதவைத் திறந்தேன், மூடினேன், அழகாக மூடியது. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்றவர் கொஞ்சம் தயங்கினார். நாலு அங்குலம் தூக்கியபோது கதவின் பின் விளிம்பில் இருந்த இடைவெளி மேல்பக்கம் சுருங்கிக்கொண்டே வந்தது. கதவைத் திறக்கப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. வெளியே புதுத் தகடு, உள்ளே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நிமிஷம் எனக்கு ஆயிரக்கணக்கான பவுண்டை மிச்சப்படுத்தியது.

அப்படியிருந்தும் ஏன் எம்ஜிபி என்று தம்பி கேட்டான். ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேசிஸ் இருக்கிறதே, அதில் துரு பிடித்தால் என்ன? தனி சேசிஸ்தான், ஆனால் ஒல்லியானது, வண்டியின் ஓரம் வரை தாங்கும் கைகள் அதற்குக் கிடையாது. அதனால் அதிலும் சில் பாரம் சுமக்கிறது. துருவில் இரண்டும் ஒரே தராசில்தான். வித்தியாசம் மேலே இருக்கிறது, கூரையில். ஸ்பிட்ஃபயரின் துணி ஹூட் எவ்வளவு புதியதாக இருந்தாலும் ஜன்னல் கண்ணாடியும் விண்ட்ஸ்கிரீனும் சேர்கிற மூலையில் ஒழுகும். இரவெல்லாம் மழை பெய்த காலையில் கார்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற பஞ்சு ஸ்பாஞ்ச் மாதிரி பிழிய வரும். அது ஒரு வாரமானாலும் காயாது. அடித்தளத் தகடு கீழிருந்து உப்பிலும் மேலிருந்து ஈரத்திலும் இரு பக்கமும் அரிக்கப்படும். கராஜ் இல்லாமல் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இதுதான் தினசரி நிலைமை. எனக்கும் கராஜ் கிடையாது.

ஜிடிக்கு இரும்புக் கூரை. 1965இல் வந்த இந்த வடிவத்தில் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபாரீனாவின் கை இருக்கிறது, பின்னால் தூக்கித் திறக்கிற கதவும் உண்டு. பின் இருக்கையில் பெரியவர் உட்கார முடியாது, ஆனால் மடித்துவிட்டால் ஒரு வாரத்துச் சாமான் தாராளமாகப் பிடிக்கும். முக்கியமாக உள்ளே காய்ந்திருக்கும். மேலிருந்து தண்ணீர் வராதபோது கீழ்ப்பக்கத்தை மட்டும் கவனித்தால் போதும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சில்லுக்குள்ளும் பெட்டி மாதிரியான மற்ற பகுதிகளுக்குள்ளும் நீளக் குழாய் விட்டு மெழுகு தெளிப்பேன். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கர வளைவுக்குள் குழாய்த் தண்ணீர் பீய்ச்சி உப்பைக் கழுவுவேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது, அதன் பின்னே சேறு சேரும், கையை விட்டு வழித்து எடுக்க வேண்டும். விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் காற்று போகிற கிரில்லில் விழுகிற இலை வடிகுழாயை அடைத்தால் தண்ணீர் ஹீட்டர் வழியாகக் காலடிக்கு வந்துவிடும், அதையும் இலையுதிர் காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை இவ்வளவுதான். ஏழு வருஷத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுதான் வெல்டிங் ஆனது, பின் சக்கர வளைவின் விளிம்பில். கட்டாயமில்லை என்றாலும் எம்ஓடிக்கு வருஷா வருஷம் கொண்டு போகிறேன். லிஃப்டில் ஏற்றி இன்னொரு கண் அடிப்பக்கத்தைப் பார்க்கட்டும் என்பதற்காக.

துரு கைமீறினால்? எம்ஜிபிக்கு 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே முழு உடல் கூட்டையே செய்து விற்கிறது. அது எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் தனித் தகடுகள் அதனால் சுலபமாகக் கிடைக்கின்றன, துளைகளும் பொருந்துகின்றன. விலையிலும் கூரை நமக்கு உதவுகிறது. எல்லாரும் கூரை திறக்கிற வண்டியைத் தேடுவதால் ஜிடி பொதுவாக எம்ஜிபியின் கூரை திறக்கிற வடிவமான ரோட்ஸ்டரைவிட மலிவு. விற்கும்போதும் குறைவாகத்தான் போகும், உண்மைதான். தினமும் ஓட்டுகிறவன் விற்பதற்காக வாங்குவதில்லை என்பதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

1974 கடைசியில் வந்த, குரோம் பம்பருக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் பம்பர் போட்ட எம்ஜிபி வண்டிகளை நான் வைத்திருந்ததில்லை, நண்பரின் ஒன்றை ஒரு வாரம் ஓட்டியதோடு சரி. உயரம் கூட்டியிருப்பதால் திருப்பத்தில் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் விலை குறைவு, ஒற்றை 12 வோல்ட் பேட்டரி. முந்தைய வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், அவற்றின் பெட்டியும் துருப்பிடிக்கிற இடம்தான். தினசரி ஓட்டத்துக்கு அதையும் ஒதுக்க வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன்.

கராஜ் இருந்து, வேலைக்குப் போகிற தூரமும் ஐந்தாறு மைல்தான் என்றால் ஸ்பிட்ஃபயரை வாங்கு என்றும் சொன்னேன். அவனுக்குக் கராஜ் இல்லை. வரும் சனிக்கிழமை ஒரு ஜிடியைப் பார்க்கப் போகிறான். காந்தம், டார்ச், ஜாக்கி மூன்றையும் எடுத்துப் போ, மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போ, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கார்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.