மண்ணுக்கு அடியில் என்ன போட்டார்கள் என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் புதிதாக வீடு கட்டியிருப்பவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இதைக் கடைசிவரை படியுங்கள். ‘இயற்கைக்கு உகந்த தோட்ட வடிவமைப்பு’ என்ற பெயரில் எங்கள் வீட்டில் 4,60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டு, அதில் பத்தில் ஒன்பது பங்கை வாங்கிக்கொண்டு, மண்ணுக்கு அடியில் செங்கல் உடைசலைக் கொட்டி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன். பெயர்ப் பலகை நாளைக்கே மாறலாம், செய்யும் முறை மாறாது.

எங்கள் மனை திருப்பாதிரிப்புலியூருக்கு மேற்கே எட்டு சென்ட். வீடு போக ஏறக்குறைய இரண்டாயிரம் சதுர அடி திறந்த நிலம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதையும், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பிறகு எல்லோருக்கும் ஒரே கவலைதான்: வாசலில் தண்ணீர் நிற்கக் கூடாது, மரம் வீட்டின் மேல் விழக் கூடாது, கோடையில் கிணறு வற்றக் கூடாது. இந்த மூன்று கவலைகளையும் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அவர்கள் வருகிறார்கள்.

வந்தவர் நன்றாகப் பேசினார். “சார், மழைநீர் ஒரு சொட்டுகூடத் தெருவுக்குப் போகாது. 2011-இல் தானே புயலுக்கே சாயாத நாட்டு மரங்களாக நடுகிறோம். ஆரோவில் முறை சார். வீட்டு மதிப்பு இருபது விழுக்காடு கூடும்” என்றார். கணினியில் வரைந்த படங்களைக் காட்டினார். புன்னை, பூவரசு, மகிழம், நாவல், புங்கன் என்று மரப்பட்டியல் கொடுத்தார். நீர் புகும் தரை, மழைநீர்க் கிணறு, சொட்டுநீர்ப் பாசனம், ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும். எல்லாம் தாளில் இருந்தது.

இங்கே ஆரோவில் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் ஓடைகள் அரித்த செம்மண் பொட்டல். அங்கே மரம் நடுவதோடு வேலை முடியவில்லை. வரப்புப் போட்டு, மழைத் தண்ணீரை நிலத்திலேயே நிறுத்தி, ஓடைகளில் தடுப்புக் கட்டி, மண்ணைக் காப்பாற்றினார்கள். இந்த மண்ணுக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடி நட்டார்கள். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனால் அந்தக் காடு எப்படி இருக்கும் என்று இன்றும் பார்க்கலாம். பல ஆண்டு உழைப்பில் வந்த அந்த நற்பெயரை, அந்த மண்ணோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் தன் விலைப்பட்டியலில் ஒட்டிக்கொள்கிறார் என்பது எனக்குப் பணம் போனதைவிட அதிகமாக வலிக்கிறது.

வேலை முடிந்த புதிதில் தோட்டம் அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதத்தில் இட்லிப்பூச் செடியின் கொழுந்து இலைகள் வெளுக்கத் தொடங்கின. இலை முழுவதும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. “வெயில் சார், பழகிவிடும்” என்றார்கள். உரம் தெளித்தார்கள், அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். அடுத்து மகிழங்கன்று காய்ந்தது.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வரும் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் பல வீடுகளில் வேலை பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இலையை ஒருமுறை திருப்பிப் பார்த்தவர், உரம் எதுவும் சொல்லவில்லை. கடப்பாரை கேட்டார். காய்ந்த கன்றுக்குப் பக்கத்தில் ஒரு குத்து. நான்கு விரற்கடை இறங்கியதும் ணங்கென்று நின்றது. இரண்டடி தள்ளி இன்னொரு குத்து. அங்கேயும் அதே சத்தம்.

“தம்பி, இது மண் இல்லை. ஏதோ வீட்டை இடித்த ராவிஷைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.”

“என்ன ஐயா சொல்கிறீர்கள்? ஒன்றரை அடிக்குச் செம்மண் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.”

“எழுதியதை விடுங்கள். தோண்டிக் காட்டுகிறேன், பாருங்கள்.”

மண்வெட்டியால் ஒரு சதுரம் எடுத்தோம். மேலே செம்மண் நான்கு விரற்கடை. அதன் கீழே கருப்புப் பிளாஸ்டிக் தாள். அதற்கும் கீழே அரைச்செங்கல், சுவரிலிருந்து பெயர்த்த பூச்சு, நீலப் பூப்போட்ட குளியலறை ஓட்டுத் துண்டுகள், இறுகிப்போன சிமென்ட் மூட்டை ஒன்று முழுதாக. கன்றின் வேர் பிளாஸ்டிக் தாளைத் தொட்டு, வழியில்லாமல் வளைந்து, தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது. கன்று வந்த நெகிழிச் சாக்கைக்கூடப் பிரிக்காமல் புதைத்திருந்தார்கள்.

இலை வெளுத்த காரணம் அப்போது புரிந்தது. சிமென்டிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் இருக்கும் சுண்ணம் மண்ணைக் காரமாக்கிவிடும். கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். இட்லிப்பூ இதை மற்றச் செடிகளுக்கு முன்னால் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு உரம் தெளித்தாலும் அடியில் கிடப்பதை எடுக்காமல் அது சரியாகாது.

கணக்கைப் பாருங்கள். செடி நடும் இடம் 1,200 சதுர அடி, ஒன்றரை அடி உயரம் என்றால் 1,800 கன அடி, அதாவது 18 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஆறு லோடு வந்திருக்க வேண்டும். செம்மண் இரண்டு லோடுதான் வந்தது என்று எதிர்வீட்டுக்காரர் சாட்சி சொல்கிறார். மற்ற லோடுகள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இறங்கியிருக்கின்றன. ஏதோ ஒரு வீட்டை இடித்த குப்பையை அப்புறப்படுத்த அங்கே ஒரு கூலி வாங்கி, அதையே எங்கள் நிலத்தில் மண் என்று கொட்டி இங்கே ஒரு விலை வாங்கியிருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மழைநீர்க் கிணறு இதைவிட மோசம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால், அதை ஒட்டியே இவர்கள் விற்பனை செய்கிறார்கள். மூன்றடி விட்டம், பதினைந்து அடி ஆழம், உறை இறக்கி அடியில் கூழாங்கல் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஐப்பசியில் முதல் கனமழை பெய்தபோது கிணற்று மூடியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி, நேராகப் போர்டிகோவுக்குள் வந்தது. மழை விட்டதும் மூடியைத் தூக்கி மூங்கில் கழியை விட்டுப் பார்த்தோம். ஐந்தடியில் தட்டியது.

எங்கள் மொட்டைமாடி 1,400 சதுர அடி, அதாவது 130 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 1,300 லிட்டர் இறங்கும். மூன்றடி விட்டமுள்ள குழி ஐந்தடி ஆழத்தில் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர்தான் கொள்ளும். பதினைந்து அடி வெட்டியிருந்தால் மூவாயிரம் லிட்டர் கொண்டிருக்கும், அடியில் மணல் வாகான இடம் கிடைத்திருந்தால் பெய்யப் பெய்ய உறிஞ்சியும் இருக்கும். எங்கள் குழியின் அடியில் களிமண்ணும் இலைக்குப்பையும் படிந்து கிடந்தன. மாடிக் குழாய்க்கும் குழிக்கும் நடுவே இருக்கவேண்டிய வடிகட்டித் தொட்டியே இல்லை.

‘நீர் புகும் தரை’ என்று சதுர அடிக்கு அதிக விலை போட்ட நடைபாதையில் ஒரு கல்லைப் பெயர்த்தோம். அடியில் பல அளவு ஜல்லியைப் படுகையாகப் பரப்பியிருக்க வேண்டும். இருந்ததோ நான்கு அங்குல கான்கிரீட். சாதாரணப் பேவர் கல், அதற்குக் கீழே தண்ணீர் இறங்க வழியே இல்லாத தளம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தால் சரிவு தெருவை நோக்கி இல்லை, வீட்டை நோக்கி இருக்கிறது. இதையெல்லாம் கேட்டபோது “இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். அன்று புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. கடலூரில் ஆண்டுதோறும் பெய்கிற வடகிழக்குப் பருவமழை அது.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருந்த நாவலும் பூவரசும் வரவே இல்லை. ஆந்திரத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் அலங்காரப் பனைகளை நட்டார்கள். மதில் ஓரம் முழுக்க ‘நாட்டு வேலிச் செடி’ என்று வைத்தது கோனோகார்ப்பஸ். வெளிநாட்டு மரம் அது. வேர் குழாய்களையும் கழிவுநீர்த் தொட்டியையும் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது என்ற புகார்கள் பல மாநிலங்களில் எழுந்தன. குஜராத் 2023-இல் தடை செய்தது, தமிழக அரசும் 2025 தொடக்கத்தில் தடை விதித்தது. தடை வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நட்டிருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்புப் பழுப்பு வாளியில் படிவதைக் கண்ணால் பார்த்தும், சொட்டுநீர்க் குழாய்க்கு வடிகட்டி வைக்கவில்லை. பாதிச் சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டன.

இதைப் படித்துவிட்டுத் தோட்டமே வேண்டாம் என்று முற்றம் முழுக்க சிமென்ட் போட்டுவிடாதீர்கள். அதுதான் என்னுடைய பெரிய பயம். ஒழுங்காகச் செய்த தோட்டம் என்ன செய்யும் என்பதை மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பா வீட்டில் பார்க்கிறேன். மேற்குச் சுவரை ஒட்டி, வேர் அஸ்திவாரத்தைத் தொடாத தூரத்தில் இரண்டு புங்க மரங்கள். வைகாசி வெயிலில் நான்கு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரிவதில்லை. புல்தரை கிடையாது. உதிர்ந்த சருகும் தென்னை மட்டையும்தான் மூடாக்கு. நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், மழைநீர் அங்கே நின்று மறுநாளைக்குள் இறங்கிவிடுகிறது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் இருக்கிறது. வீடு வாங்க வருகிறவர் விரும்பி ஒரு விலை சொல்வது அந்த நிழலுக்கும் கிணற்றுக்கும்தான். பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்பில் தோட்டத்துக்கென்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது. ஆகவே ‘இருபது விழுக்காடு கூடும்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

வேலை கொடுக்கப்போகிறவர்கள் பணத்தை நாளுக்கு நாள் என்று பிரிக்காமல் அடுக்குக்கு அடுக்கு என்று பிரியுங்கள். குழி வெட்டியதும் கழி விட்டு அளந்த பிறகு ஒரு தவணை, ஜல்லி பரப்பி மூடுவதற்கு முன் பார்த்துப் படமெடுத்த பிறகு ஒரு தவணை. மண் லோடுக்கு யூனிட் கணக்கில் ரசீது வேண்டும், இறங்கும்போது வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். நீர் புகும் தரை என்றால் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது நின்ற இடத்திலேயே இறங்க வேண்டும், ஓடக் கூடாது. பத்தில் ஒரு பங்கு பணமாவது ஒரு கார்த்திகை மழை பார்த்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அட்டையில் ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தவர் செடி வியாபாரி. அதில் இழிவு ஒன்றும் இல்லை. இல்லாத பட்டத்தைச் சொல்லி வடிவமைப்புக் கட்டணம் வாங்கியதுதான் மோசடி.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். “எங்கள் அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது, வழக்குப் போட்டால் நீங்கள்தான் அங்கே அலைய வேண்டும்” என்று எங்களை மிரட்டினார்கள். அது பொய். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாங்கள் கடலூரில்தான் தொடுத்திருக்கிறோம். ஆணையர் ஒருவரை நியமித்து நேரில் பார்வையிடக் கேட்டிருக்கிறோம். அதுவரை தோண்டிய சதுரத்தை மூடவில்லை, பெயர்த்த கல்லைத் திரும்பப் பதிக்கவும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது தோண்டி எடுத்தால், புதுத் தோட்டக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பார்வையிட்டு முடியும்வரை அப்படியே வைத்திருங்கள்.