மிச்செல் 300-ஆ, கார்டினல் 4-ஆ?

பழைய ஸ்பின்னிங் ரீல் (மீன் தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) சேர்க்கத் தொடங்குபவர் யாராக இருந்தாலும் இந்த இரண்டில் எதை முதலில் வாங்குவது என்று குழம்புவார். மிச்செல் 300 பிரான்சில் செய்தது, ஆபு கார்டினல் 4 சுவீடனில் செய்தது. இரண்டுமே கடிகாரக்காரர்களின் கைவேலை. மிச்செல் பிறந்த க்ளூஸ், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் கடிகார உதிரிபாகங்களுக்குப் பேர்போன ஊர். ஆபு நிறுவனம் 1921-இல் ஸ்வெங்ஸ்டாவில் கடிகாரம் செய்யத்தான் ஆரம்பித்தது. டாக்சி மீட்டரும் செய்தது.

பக்க மூடியைக் கழற்றினால்தான் வித்தியாசம் புரியும். மிச்செலின் முட்டை வடிவ உடலுக்குள் பல்சக்கரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். பிந்தைய மாடல்களில் பிளானமேட்டிக் என்ற கூடுதல் சக்கர அமைப்பும் உண்டு. ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அப்படியே விழுந்து நரம்பு புதையாமல் இருக்க அந்த ஏற்பாடு. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் ஐம்பது வருட கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். ஒவ்வொரு சக்கரமாக எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது திண்டாட்டம்தான்.

கார்டினலில் அந்தச் சிக்கல் குறைவு. வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) என்பதால் உள்ளே சாமான்கள் கொஞ்சம்தான். கைப்பிடி வெண்ணெய் போலச் சுழலும். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்று வைக்கும் டிராக் திருகு ரீலின் பின்பக்கம் இருப்பதால், மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போதும் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) பக்கம் கை போகாமல் இறுக்கலாம். மிச்செலில் அது ஸ்பூலின் தலையில் இருக்கிறது.

நரம்பை ஸ்பூலில் சேர்க்கும் வளைகம்பியான பெயிலின் ஸ்பிரிங் இரண்டிலும் உடையும். கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். ஏரி, ஆற்றோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது.

தண்ணீருக்கு எடுத்துப்போக எனக்குக் கார்டினல்தான். ஆனால் முதல் ரீலாக மிச்செலையே சொல்வேன். பல பத்தாண்டுகள் ஏராளமாகச் செய்தார்கள், அதனால் விலையும் கட்டுப்படியாகும், உடைந்த ரீலிலிருந்து பாகமும் கிடைக்கும். அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைக்கு வேறெந்த ரீலும் பயமில்லை.

அப்புறம் கார்டினல் வாங்கும்போது, கம்பில் பொருத்தும் அடிப்பட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 7503 என்று தொடங்கினால் 1975 மார்ச். ஜெப்கோ பெயர் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்றதும் இதே சுவீடன் ரீல்தான்.