வீதியில் நின்று பார்த்தால் ஒரு மாடிதான் தெரியும்

கொட்டகலைப் பக்கம் ஒரு வீடு வாங்கப் போய், வீடும் கிடைக்காமல் இரண்டரை லட்சம் ரூபாவையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். விற்க வந்தவர் ஏமாற்றவில்லை. காணி உறுதியிலும் கோளாறு இல்லை. வங்கிக்காக எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கையில் வீட்டின் பாதியைக் காணவில்லை, அவ்வளவுதான். லோன் போட்டு வீடு வாங்க நினைக்கும் மலையகத்து ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

வீடு ஏ7 வீதியிலிருந்து உள்ளே போகும் கொங்கிரீட் பாதையோரம். 14 பேர்ச்சஸ் காணி. நம்ம பக்கத்து வீடுகள் எப்படி என்று தெரியும்தானே. பாதையில் நின்று பார்த்தால் ஒரு மாடி. பக்கத்துப் படியில் இறங்கினால் பள்ளத்தைப் பார்த்தபடி கீழே இன்னொரு மாடி. மேலே 780 சதுர அடி, கீழே 640. கீழ்மாடிக்குத் தனிக் குசினி, தனி மீற்றர் எல்லாம் இருந்தன. எனக்கு ஆசை வந்ததே அந்தக் கீழ்மாடியைப் பார்த்துத்தான். வாடகைக்கு விட்டால் மாதத் தவணையில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

விலை 90 லட்சம் பேசினோம். மதிப்பீட்டில் வரும் சந்தைப் பெறுமதியில் 70 வீதம் தருவதாக வங்கி சொன்னது. அப்படியானால் 63 லட்சம் லோன், மிச்சம் 27 லட்சம் என் கையிலிருந்து. ஐந்து லட்சம் முற்பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் உறுதி எழுதுவது என்று நொத்தாரிசு முன்னால் ஒப்பந்தமும் போட்டாயிற்று. மதிப்பீட்டுக் கட்டணத்தையும் நான்தான் கட்டினேன்.

மதிப்பீட்டாளர் வருகிற அன்று எனக்குப் பாடசாலை. வீட்டைப் பார்க்க வருகிறவருக்கு நான் எதற்கு என்று விட்டுவிட்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது, என் பிழை.

இரண்டு கிழமை கழித்து வங்கியிலிருந்து அழைப்பு. பெறுமதி 62 லட்சமாம். லோன் 43 லட்சத்து 40 ஆயிரம்தான் வரும். கிட்டத்தட்ட இருபது லட்சம் துண்டு விழுகிறது. அறிக்கையைக் காட்டுங்கள் என்றால், அது வங்கிக்கு எழுதியது, தர முடியாது என்றார்கள். காசு கட்டியது நான், அறிக்கை அவர்களுக்கு. இது இங்கே சாதாரணம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கடைசியில் அந்த உத்தியோகத்தர் பாவப்பட்டு, மேசையில் வைத்தே ஒரு தடவை புரட்டிப் பார்க்க விட்டார்.

ஆங்கிலத்தில் ஆறு பக்கம். மாடிகள் என்ற இடத்தில் ஒன்று. பரப்பு 780 சதுர அடி. நிலம் சமதரை. நான்கு படங்கள், நான்குமே பாதையில் நின்று எடுத்தவை. ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரரின் நீலத் தண்ணீர்த் தாங்கி பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசிப் பக்கத்தில், இந்தச் சொத்தை நான் நேரில் பார்வையிட்டேன் என்று ஒரு வரி, கீழே கண்டியிலிருக்கும் மதிப்பீட்டாளரின் கையொப்பமும் முத்திரையும்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். விற்பவரின் அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். “பெரியவரு யாரும் வரலையே டீச்சர். ஒரு தம்பி மோட்டார் சைக்கிள்ல வந்துச்சு. மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. போன்ல நாலு படம் புடிச்சுச்சு, முன்னுக்கு டேப் புடிச்சுப் பாத்துச்சு, பிளேன்டி குடிச்சிட்டுப் போயிருச்சு. கீழ எறங்கவே இல்ல, அட்டக் கடிக்குப் பயம் போல.”

மதிப்பீட்டாளரை போனில் பிடிக்க மூன்று நாள் ஆனது. மனுஷன் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “எல்லா இடத்துக்கும் நானே போக ஏலுமா டீச்சர்? எங்கட ஆள் கொண்டு வாற விபரத்த வச்சுத்தான் எழுதுறது. அவர் தந்த போர்ம்ல ஒரு மாடிதானே இருக்கு.”

“அப்படியென்றால் நேரில் பார்த்தேன் என்று ஏன் எழுதினீர்கள்?” என்று கேட்டேன். அது வழமையாகப் போடும் வசனம் என்றார்.

அந்தத் தம்பியைக் குறைசொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்குக் கொடுத்தனுப்பிய படிவம் சமதரை ஊருக்குப் போட்டது. பாதைக்குக் கீழே மாடி இருக்கிறதா என்று அதில் கேள்வியே இருந்திருக்காது. அடுத்தவர் எடுத்த அளவை வைத்து மதிப்பிடுவதும் உலகத்தில் நடக்காத காரியமில்லை. அமெரிக்காவில் வீட்டுக்குப் போய்த் தரவு எடுப்பவர் ஒருவர், மேசையில் இருந்து மதிப்பிடுபவர் இன்னொருவர் என்று வெளிப்படையாகவே ஒரு முறை இருக்கிறது. ஹைபிரிட் என்பார்கள். ஆனால் அங்கே தரவு எடுக்கப் போகிறவர் உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து, வீட்டின் உள்வரைபடமும் கொண்டுவர வேண்டும். அதைவிட முக்கியம், கையொப்பமிடுபவர் தான் நேரில் பார்த்தாரா இல்லையா என்று சான்றுரையில் எழுதியே ஆக வேண்டும். பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் நான் அன்றைக்கே விழித்திருப்பேன். வங்கியும் இன்னொரு கேள்வி கேட்டிருக்கும்.

‘சமதரை’ என்ற அந்தச் சொல்லையும் சும்மா விட முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியாபெத்தை மண்சரிவில் லயங்களோடு சனம் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மலையகம் இது. இங்கே புதிதாக ஒரு அறை கட்டவும் பிரதேச சபை, மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைக் கேட்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சரிவைச் சமதரை என்று கண்டியில் இருந்துகொண்டு எழுதலாம் என்றால் என்ன சொல்வது? எனக்குக் குறைந்த பெறுமதி வந்தது. சரிவு மறைந்து இன்னொருவருக்குக் கூடிய பெறுமதி வந்திருந்தால், அவர் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்துக் குடிபோயிருப்பார்.

சண்டை போட்டு, இன்னொரு கட்டணமும் கட்டி, வங்கியின் பட்டியலில் இருந்த வேறொருவரை வரவழைத்தேன். இந்த முறை லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அவரே வந்தார். கால்சட்டையை மடித்துக்கொண்டு படியிறங்கி, கீழ்மாடி ஒவ்வொரு அறையையும் அளந்தார். பின்பக்கம் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகளில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். மூன்று அடைபட்டிருந்தன. மேல் மலையிலிருந்து வரும் கான் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விசாரித்தார். சர்வே பிளானை விரித்து எல்லைக் கல்லைத் தேடினார். ஒன்றரை மணித்தியாலம். பெறுமதி 87 லட்சம் வந்தது. சுவருக்காகக் கொஞ்சம் குறைத்திருந்தார், அது நியாயம்தான்.

87க்கு லோன் 60 லட்சத்து 90 ஆயிரம். மிச்ச இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கு நகை இருந்தது. ஆனால் அறிக்கை வந்தபோது ஒப்பந்தத் தவணை முடிந்து ஒன்பது நாள். விற்பவருக்கு மகனை வெளிநாடு அனுப்பும் அவசரம், கொழும்பிலிருந்து கைக்காசோடு ஆள் வந்துவிட்டார். ஒப்பந்தப்படி முற்பணம் முழுவதையும் அவர் வைத்துக்கொள்ளலாம். பாதியைத் திருப்பித் தந்தது அவருடைய நல்ல மனசு.

மதிப்பீட்டுக்குத் திகதி சொல்லும்போதே, வருவது யார், கையொப்பமிடுபவரா அவருடைய ஆளா என்று கேளுங்கள். யார் வந்தாலும் நீங்கள் அங்கே நில்லுங்கள், கீழே இறக்காமல் அனுப்பாதீர்கள். லோன் சந்தைப் பெறுமதியிலா, அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கும், அதைவிடக் குறைவான போர்ஸ்ட் சேல் பெறுமதியிலா கணக்காகும் என்பதை முற்பணம் கொடுக்க முன்னமே வங்கியிடம் கேட்டுவிடுங்கள். லோன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல்தான் எனக்கு இரண்டரை லட்சம் போனது.

வங்கிக்கு எழுதினேன். மதிப்பீட்டாளர்கள் சுயாதீனமானவர்கள், கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அனுப்ப ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. முதல் அறிக்கையின் பிரதியை மட்டும் இன்னும் தரமாட்டேன் என்கிறார்கள்.