சென்னிமலை வீட்டில் ஐந்து வருஷமாக லினக்ஸ் மின்ட்

எங்கள் வீடு சென்னிமலையில். எனக்கு வேலை பெருந்துறை சிப்காட்டில். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவேன். பகலெல்லாம் கணினி அப்பாவுக்கும் மகளுக்கும்தான். அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸில் எந்த வகையைப் போடலாம் என்று தேடியபோது என் முன்னால் ஒரே கேள்விதான் இருந்தது. நான் இல்லாத நேரத்தில் ஏதாவது ஆனால் இவர்களே சமாளிப்பார்களா?

கணினி பழசு. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. அதற்குப் பிறகும் சில மாதம் அதிலேயே ஓட்டினோம். அப்புறம் அழகாக இருக்கிறதே என்று, புதுப் பதிப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) ஒன்றைப் போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு அப்டேட் முடிந்ததும் திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. அப்பா முன்பு வேலை பார்த்த சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் உள்ளே மாட்டிக்கொண்டது, அப்பா கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

2021 பொங்கல் லீவில் லினக்ஸ் மின்ட் 20 போட்டேன். மின்ட், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்படுவது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு. இடது மூலையில் மெனு, கீழே பட்டை. விண்டோஸ் பழகியவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் அதன் க்னோம் திரை அமைப்பைப் புதிதாகப் பழக வேண்டும், 4 ஜிபி ராமுக்கு அது கனமும்கூட. மின்டிலேயே சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று திரை அமைப்புகள் உண்டு. நான் எடுத்தது மூன்றிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ. 2022-இல் 21-க்கு அதன் அப்கிரேட் கருவியாலேயே மாறினோம். 2024-இல் ராமை 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, 22 சினமனைப் புதிதாக நிறுவினேன். இத்தனை வருஷத்தில் வேகத்தில் பெரிய மாற்றம் தந்தது அந்த எஸ்எஸ்டிதான். பழைய கணினிக்கு எந்த டிஸ்ட்ரோ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் எஸ்எஸ்டி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

தமிழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர், தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். விண்டோஸில் இருந்த காலத்தில் ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார், அலுப்பாகி விட்டுவிடுவார். மின்டில் பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் நிறுவி, அதோடு பல மொழிக் கீபோர்டு அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் சேர்த்தால், தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு டைப்ரைட்டர் அமைப்பும் பட்டியலில் வருகிறது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து விரலும் தானாகப் போய் அதனதன் இடத்தில் நின்றன. ‘ஐயா, வணக்கம்’ என்று கீபோர்டைப் பார்க்காமலே அடித்தார். “இது நம்ம பழைய மிசினாட்டவே இருக்குதுடா கண்ணு” என்றார். மகள் அடிப்பது தமிழ்99. ஹெச் அடித்தால் க, தொடர்ந்து க்யூ அடித்தால் கா. இருவரும் மாறி மாறி உட்காரும்போது மூலையில் இருக்கும் ஐகானைச் சொடுக்கி மாற்றிக்கொள்கிறார்கள்.

சங்கத்தின் பழைய கோப்புகள் யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீடு வருவதற்கு முந்தைய ஃபான்ட்டுகளில் அடித்தவை. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த ஃபான்ட் கோப்பை எடுத்து, வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் ‘.ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் போட்டால் தமிழாகத் தெரியும். பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வைக்க வேண்டும். அது மறைந்திருக்கும், கன்ட்ரோல்-ஹெச் அடித்தால் கண்ணுக்குத் தெரியும்.

என் கேள்விக்குப் பதில் கிடைத்தது 2023 ஐப்பசி மழையில். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது இடி இடித்துக் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே தேய்ந்துபோனது, ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்த பிறகு மின்டின் சின்னம் வந்து அப்படியே நின்றது. மகள் ஃபோன் செய்தாள். மேசை டிராயரில் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று எப்போதும் இருக்கும். அதைச் செருகி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பச் சொன்னேன். மெனுவில் டைம்ஷிஃப்ட் என்று, இயங்குதளத்தின் நகலை எடுத்து வைத்துத் திரும்பக் கொண்டுவரும் கருவி இருக்கிறது. திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் காட்டி, முந்தின நாள் எடுத்த நகலைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டோர் கொடுத்தாள். அரை மணி நேரம் ஆனது. நான் பஸ் ஏறுவதற்குள் “ஆயிடுச்சுங்கப்பா, அப்பாரு பேப்பர் படிக்கிறாரு” என்று மறுபடி அழைத்தாள் (அப்பாரு என்றால் தாத்தா).

ஒன்று மட்டும் கவனம். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தைத்தான். நாமாக மாற்றாதவரை வீட்டுக் கோப்புறையை அது தொடாது. கல்யாண ஃபோட்டோக்களைத் தனியாக வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

இரண்டு இடத்தில் சிரமப்பட்டோம். யுஎஸ்பி வைஃபை டோங்கிளுக்கு டிரைவர் இல்லை. மொபைலைக் கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் போட்டு, அந்த நெட்டில் டிரைவரை இறக்கினேன். பிரிண்டர்தான் கொடுமை. பழைய லேசர் பிரிண்டர், தயாரித்தவர்களின் தனி டிரைவர் இல்லாமல் அசையாது. இரண்டு ராத்திரி போனது. எனவே நிறுவுவதற்கு முன்னாலேயே பென்டிரைவில் ஓட்டி, சத்தம், வைஃபை, பிரிண்டர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றதிலிருந்து தெருவில் பலர் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தறிக் குடோன் இருக்கிறது. அங்கே டேலி என்ற கணக்கு மென்பொருளும் டிஜிட்டல் கையொப்ப டோங்கிளும் ஓடுகின்றன. டேலி விண்டோஸுக்காக எழுதியது, அந்தக் கணினியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “அப்ப ஊட்ல இருக்கறதுக்குப் போட்டுக் குடுத்துருங்க மாப்ள” என்றார். சரிங்க மாமா, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாங்க, கூடவே பிரிண்டரையும் எடுத்துட்டு வந்துருங்க என்று சொல்லியிருக்கிறேன்.