கீழ்த்தளத்துக் குழி மோட்டார்: 7 வருடம் வைத்துப் பார்த்த அனுபவம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கம் ‘சம்ப்’ என்றால் நல்ல தண்ணீர் பிடித்து வைக்கிற தரைத்தொட்டி. கடையில் போய் ‘சம்ப் மோட்டார்’ என்று கேட்டால், அந்தத் தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்றுகிற மோட்டாரைத்தான் எடுத்து வைப்பார்கள். நான் எழுதுவது அதைப் பற்றி அல்ல. கீழ்த்தளத்தில் ஊறி வரும் தண்ணீரை ஒரு குழியில் சேர்த்துத் தானாகவே வெளியே தள்ளும் மோட்டார் இது. ‘டிரெயினேஜ் சப்மெர்சிபிள்’ அல்லது ‘டீவாட்டரிங் மோட்டார்’ என்று கேட்டால் சரியானது வரும். எங்கள் வீட்டில் அதற்குக் குழி மோட்டார் என்று பெயர்.

வீடு திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம், நஞ்சராயன் குளத்துக்கு ரொம்பத் தூரமில்லை. நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற குளம் அது. 2024-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்ததே, அதே பறவைகள் சரணாலயம்தான். எங்கள் இடம் ரோட்டுப் பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கும் செலவுக்கு, 9 அடி உயரத்தில் ஒரு கீழ்த்தளமே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆறு தையல் மிஷின் போட்டுப் பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்) நடத்த வாடகை இல்லாத இடம் கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

கட்டியது 2016-ல். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையுமே வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைக்கால் தோண்டியபோது சுக்காங்கல் கலந்த மண் மாவு போல உதிர்ந்தது. சுவரின் வெளிப்பக்கம் நீர்க்காப்புப் பூச்சு வேண்டுமா என்று கேட்டேன். “இங்க எங்கீங்கம்மா தண்ணி வரப்போகுது” என்றார் மேஸ்திரி. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த மண்ணைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அத்தை மட்டும் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அடியில பாறை இருக்கற காடு கண்ணு இது. நல்ல மழை புடிச்சா ஓரம்பு எடுக்கும்” என்றார். நிலத்தடியில் தண்ணீர் ஊறி வருவதைத்தான் ஓரம்பு என்போம். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மறு வருடம் ஐப்பசியில் ஓரம்பு எடுத்தது. கொட்டின மழை படிக்கட்டு வழியாக உள்ளே வரவில்லை. மழை விட்டு மூன்றாம் நாள், வெயில் அடிக்கிற காலையில், சுவரும் தரையும் சேருகிற மூலையில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. பொழுதோட அது கணுக்கால் தண்ணீர். நம் பக்கத்து நிலத்தில் மண் கொஞ்சம், அதற்கடியில் பாறை. இறங்குகிற மழை பாறைக்குள் போக வழியில்லாமல் அதன் மேலேயே சரிவைப் பார்த்து மெதுவாக நகர்கிறது. நடுவில் நாம் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தால் அங்கே வந்து சேர்கிறது. மழை பெய்த நாளில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அளவெடுத்துக் கட்டி வைத்திருந்த பண்டல்கள் தரையில் இருந்தன. 400 பீஸ் கறைபட்டு ரிஜெக்ட் ஆனது.

அவசரத்துக்கு மாமாவின் தோட்டத்துக் கிணற்றில் கிடந்த ஓப்பன்வெல் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினோம். அது முழுதாகத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால்தான் சூடாகாமல் ஓடும். கணுக்கால் தண்ணீரில் படுக்க வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? இரண்டாம் நாள் காயில் கருகிப்போனது. கிணற்றுக்கு நல்ல மோட்டார்தான், எங்கள் இடத்துக்கு அது பொருந்தவில்லை.

2018 சித்திரையில் முறையாகச் செய்தோம். சுவரோரம் நான்கு பக்கமும் தரையை வெட்டி, ஓட்டை போட்ட 4 இஞ்ச் பைப் பதித்து, முக்கால் இஞ்ச் ஜல்லி போட்டு மூடி, தண்ணீர் எல்லாம் ஒரு மூலைக்கு வரும்படி வாட்டம் கொடுத்தோம். மூலையில் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத்தில் குழி. அதில் அரை ஹெச்.பி. டிரெயினேஜ் மோட்டார், ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் மிதந்து எழும்பித் தானாக மோட்டாரைப் போடும் மிதவை) சேர்ந்தது. விலை அப்போது 8,000 ரூபாய்க்குப் பக்கம்.

மோட்டார் வாங்குகிறவர்கள் தகட்டில் எழுதியிருப்பதை நிதானமாகப் படிக்க வேண்டும். அதிகபட்சம் இத்தனை மீட்டர் ஏற்றும், அதிகபட்சம் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் தள்ளும் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. கடைசி உயரத்தில் ஒரு சொட்டும் வராது, முழு லிட்டர் உயரமே இல்லாதபோதுதான் வரும். எங்களுக்குக் குழியின் அடியிலிருந்து வெளியே விடும் இடம் வரை 12 அடி, அதோடு பைப்பில் நான்கு பெண்டு (வளைவு). இந்த உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று கடைக்காரரிடம் வளைகோட்டுப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் வீட்டில் வாளி வைத்துப் பார்த்தேன். 20 லிட்டர் வாளி 11 விநாடியில் நிறைந்தது. அந்த 11-ஐக் குழிக்கு மேல் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். இந்த ஏழு வருடத்தில் அதைவிட உபயோகமான காரியம் நான் எதுவும் செய்யவில்லை.

முதல் இரண்டு வருடமும் மோட்டார் மேல் குறை இல்லை, எங்கள் மேல்தான் குறை. வெளியே விடும் பைப்பை வீட்டுப் பின்சுவரை ஒட்டியே முடித்திருந்தோம். மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே விட்ட தண்ணீர் சுவரோரமே இறங்கித் திரும்பக் குழிக்கு வந்துகொண்டிருப்பது புரிய ஒரு வாரம் ஆனது. பைப்பை 30 அடி தள்ளி நீட்டித்து மழைநீர் வாய்க்காலில் விட்ட பிறகு, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடினது முக்கால் மணிக்கு ஒரு தரம் என்று குறைந்தது. இன்னொன்று, காற்றடைப்பு. குழி வற்றிப் பல நாள் கழித்துத் தண்ணீர் வந்தபோது மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை. ஏறின தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வுக்குக் கீழே காற்று மாட்டிக்கொண்டிருந்தது. வால்வுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பைப்பில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. ஓடும்போது அந்தத் துளையில் தண்ணீர் பீய்ச்சும், அது குழிக்குள்ளேயே விழும்படி திருப்பி வைத்துக்கொண்டால் போதும்.

இனி 2020. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொரோனா ஊரடங்கில் யூனிட் பூட்டிக் கிடந்தது. அதற்கு முன்பே கோடையில் குழி காய்ந்துவிட்டது. கார்த்திகை மழைக்குத் தண்ணீர் ஏறியது, ஃப்ளோட் எழும்பியது, மோட்டார் ‘உம்...’ என்று முனகிவிட்டு டிரிப் ஆனது. இரவு நேரம். காலையில் ஒன்றேகால் அடி தண்ணீர். தையல் மிஷினுக்கு மோட்டார் டேபிளுக்கு அடியில் தொங்குகிறது, தெரியும்தானே? இரண்டு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக்கின் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டது. ஏற்கெனவே ஆர்டர் இல்லாத வருடம். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

காயில் கட்டும் கடை அண்ணா குழி மோட்டாரை என் கண் முன்னாலேயே பிரித்தார். அடித்தட்டைக் கழற்றினதும் இம்பெல்லரை (சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) சுற்றி ஒரு வெள்ளைப் பொருக்கு, தோசைக்கல் ஓரத்தில் படிந்த மாவு மாதிரி. அதற்குள் ஆரஞ்சு நூல். 2019 தீபாவளிக்கு முன் நாங்கள் ஓட்டிய டி-ஷர்ட் ஆர்டரின் நூல் அது, நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தரை கூட்டும்போது போன பஞ்சும் நூலும் தண்டில் சுற்றி, அதன் மேல் உப்பு படிந்து, தண்ணீர் வற்றினதும் சிமெண்ட் போலக் கெட்டியாகிவிட்டன. மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் சீல் பக்கத்து ஆயிலைச் சாய்த்துக் காட்டினார், மோர் போல வெள்ளையாக இருந்தது.

“தண்ணி உள்ள போயிருச்சுங்க அம்மணி. ரப்பர் காஞ்சு சுருங்கிருச்சு. இதை ஓட்டிக் கெடுக்கலீங்க, ஓட்டாமக் கெடுத்துட்டீங்க.”

நம் பக்கத்து மழை வருடம் முழுக்கச் சேர்த்தே 600 மி.மீ. சுமார்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அப்படியானால் குழி மோட்டாருக்கு வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் வேலை, மீதி மாதமெல்லாம் காய்ந்து கிடக்கும். அப்படிக் காய்வதில்தான் அது கெடுகிறது. மழை மிகுந்த ஊர்க்காரர்கள் எழுதுகிற பராமரிப்புக் குறிப்புகளில் ‘அதிகம் ஓடித் தேய்ந்துபோகும்’ என்றே இருக்கும். நமக்கு அது பொருந்தாது. அதோடு திருப்பூரின் தண்ணீர் வேறு. சாயக்கழிவு நொய்யலில் ஓடிய காலத்து உப்பு இந்த நிலத்தடியில் இன்னும் இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஆற்றில் மாற்றம் தெரிந்தாலும், மண்ணுக்குள் இறங்கினது அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. எங்கள் குழியில் வற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் ஒரு படலம் உப்பை விட்டுச் செல்கிறது.

அதனால் 2021 தையிலிருந்து ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டாரை ஓட்டுகிறோம். காய்ந்த குழியில் பத்து வாளி நல்ல தண்ணீர் ஊற்றினால் ஃப்ளோட் எழும்பும். நாமே சுவிட்ச் போட்டு ஓட்டினால் பாதிச் சோதனைதான் ஆகும், ஃப்ளோட் தானாக எழும்பி அதுவே போட வேண்டும், தானாக அடங்கவும் வேண்டும். வெளியே பைப் முனையில் வாளி வைத்து விநாடி எண்ணி, சுவரில் தேதியோடு எழுதுகிறேன். 11, 11, 12, 11 என்று போய்க்கொண்டிருந்தது ஒரு ஆனியில் 17 ஆனது. தூக்கிப் பார்த்தால் மோட்டாருக்குள் தண்ணீர் நுழைகிற வலையில் கால் பங்கை நூல் அடைத்திருந்தது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த எண் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

வருடத்துக்கு ஒரு தடவை, ஆவணியில், வெளியே தூக்கிக் கழுவுகிறோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் குழியில் கை வைக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது. கேபிளைப் பிடித்துத் தூக்கினால் அது உள்ளே நுழைகிற இடத்தில் விரிசல் விடும், நைலான் கயிறு கட்டித் தூக்குங்கள். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெந்நீரில் அடித்தட்டையும் வலையையும் அரை மணி நேரம் ஊற வைத்தால் பொருக்கு கையோடு வந்துவிடும். ஆயில் மாற்றுவது கடை அண்ணா வேலை. குழிக்குத் தனி லைன், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகக் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) போட்டிருக்கிறோம். அது அடிக்கடி விழுந்தால் மோட்டாருக்குள் ஈரம் ஏறுகிறது என்று பொருள். ‘சும்மா தொந்தரவு பண்ணுது’ என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டின வீடு ஒன்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஈரத் தரையில் ஆட்கள் வேலை செய்கிற இடம்.

மோட்டாரில் எது முதலில் போகும் என்று கேட்டால் ஃப்ளோட் சுவிட்ச் என்பேன். 2022-ல் அது சுவர்ப் பொருக்கில் உரசி ஒட்டிக்கொண்டு எழும்பவே இல்லை. காப்பாற்றியது 250 ரூபாய் அலாரம். மாடித் தொட்டி நிறைந்தால் கத்துமே, அதே பொட்டிதான். அதன் கம்பி முனையைக் குழியின் விளிம்புக்கு அரை அடி கீழே தொங்கவிட்டிருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு ‘தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டது’ என்று அது சொல்லச் சொல்ல, எழுந்து ஓடினோம். இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஃப்ளோட்டைக் கெடும் முன்பே மாற்றிவிடுகிறேன். அதன் கேபிள் விறைத்துப்போயிருந்தால் அதற்கும் முன்பே.

மின்வெட்டு தனிப் பாடு. இடி மழையோடு கரண்ட்டும் போகும், எப்போது தேவையோ அப்போதே. எங்கள் 900 விஏ இன்வெர்ட்டர் ஃபேனும் லைட்டும் ஓட்டும், குழி மோட்டார் எழும்பின நொடியில் விழுந்துவிடும். அரை ஹெச்.பி. ஓடும்போது 500, 600 வாட்தான், ஆனால் கிளம்புகிற கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 2023-ல் இரண்டு பேட்டரி போடும் பெரிய இன்வெர்ட்டருக்கு மாறினோம். நான் செய்ததில் அதிகச் செலவு இதுதான், கொஞ்சம் யோசித்தேன் என்பதும் உண்மை. ஒரு நிமிடம் ஓடி முக்கால் மணி சும்மா இருக்கிற மோட்டார் என்பதால் ஒரு இரவு முழுக்கத் தாங்குகிறது.

காயில் கட்டிச் சீல் மாற்றிய அதே பழைய மோட்டார் 2024 கோடை வரை உழைத்தது. அதன் இரும்புப் போல்ட்டுகள் உப்பில் தின்னப்பட்டுத் திருகு வாய் மழுங்கிவிட்டதால், இப்போது போல்ட்டு வரை எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வருகிற ஒன்றை இறக்கியிருக்கிறேன். விலை கூட, ஆனால் நம் தண்ணீருக்கு இதுதான் தாங்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வாங்கினால் உதிரி பாகம், காயில், சீல் எல்லாம் அன்றைக்கே கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஒரு சீலுக்காக நாலு நாள் காத்திருக்க முடியாது.

பழையதை எடைக்குப் போடவில்லை. போல்ட்டு மாற்றி, படிக்கட்டுக்கு அடியில் அலமாரியில் வைத்திருக்கிறேன். புது மோட்டாருக்கு வாளி பிடிக்கிற அதே முதல் தேதியில், அதையும் ஒரு டிரம் தண்ணீரில் இறக்கி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் துடைத்து வைக்கிறோம். போன மாதம் அது 14 விநாடி, புதிது 10.