பார்சல் கவுன்ட்டர்: ஐந்துக்கு நாலு

புனேயில் இருக்கும் மகளுக்குத் தீபாவளிப் பார்சல்: முறுக்கு, அதிரசம், அவள் கேட்ட அரிவாள்மனை, பேரனுக்குக் கம்பி மத்தாப்பு, மருமகனுக்கு சென்ட். தபால் நிலையக் கவுன்ட்டர் அம்மா, "உள்ள என்ன சார் இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார். மத்தாப்பு உடனே வெளியே. வெடிபொருளுக்கு 1898 அஞ்சல் சட்டத்திலேயே தடை. 2024 ஜூனில் புதுச் சட்டம் வந்தும் பட்டாசுக்கு வழி பிறக்கவில்லை. சென்ட்டும் திரும்பியது, ஆல்கஹால் தீப்பிடிக்குமாம். அரிவாள்மனைக்கு மட்டும் தடையில்லை! பழைய சட்டம் தடுத்தது சரியாக மூடாத கூர்ப்பொருளைத்தான். அலகுக்குத் தடித்த அட்டை சுற்றி, கயிறும் அவரே கட்டிக் கொடுத்தார். எதுவுமே கேட்காமல் ஒட்டித் தள்ளும் கூரியர்களைவிட இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது. தடைப் பட்டியலைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கலாம். ஒரு மார்க் அதற்குத்தான் போச்சு. மத்தாப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொளுத்தித் தீர்த்தாயிற்று.